துரை பங்களா மட்டும் போதுமா?

கோடை விடுமுறை வந்துவிட்டால், வெளிமாநிலங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் மூணாறு, வால்பாறை என்று மலைப் பக்கம் போய் வருகின்றன. திரும்பி வந்தவர்கள் சொல்லி வைத்தாற்போல ஒரு செய்தி சொல்வார்கள்: "வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாவில் தங்கினோம். என்ன கட்டடம்! நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் காட்டுக்குள் எப்படித்தான் கட்டினானோ!"

வியப்பு நியாயமானதுதான். ஆனால் "கட்டினான்" என்ற அந்தச் சொல்லில் ஒரு பிசகு இருக்கிறது. வெள்ளைக்காரத் துரை கட்டச் சொன்னார். கல் உடைத்தவர்களும், மரம் அறுத்தவர்களும், தகரத்தைத் தலைச்சுமையாக மலை ஏற்றியவர்களும் பெரும்பாலும் நம்மவர்கள். தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாக்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. அந்தப் பேச்சில் தமிழர்களாகிய நாம் சொல்லியாக வேண்டிய ஒரு வார்த்தை உண்டு என்பது என் கருத்து.

முதலில் சரித்திரத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். மூணாறு மலைகள் அந்தக் காலத்தில் பூஞ்சாறு அரசரின் வசம் இருந்தன. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் இருநூறு சதுர மைலுக்கும் அதிகமான நிலத்தை அவரிடமிருந்து குத்தகைக்குப் பெற்றார். 1879-ல் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். சிங்கோனா, காப்பி என்று எதையெதையோ நட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலையில் வந்து நின்றார்கள். 1897-ல் கண்ணன் தேவன் மலைக் கம்பெனி ஏற்பட்டது. 1964-ல் டாட்டா நிறுவனம் பங்காளியாகச் சேர்ந்து, பிற்பாடு முழுவதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இதற்கிடையே 1971-ல் கேரள அரசு ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்து, கம்பெனி வசம் இருந்த நிலங்களை மீட்டெடுத்தது. 2005 முதல், தொழிலாளர்களும் பங்குதாரர்களாக உள்ள ஒரு கம்பெனி அங்கே பெரும்பாலான தோட்டங்களை நடத்தி வருகிறது.

இந்தச் சரித்திரத்தில் இன்னொரு இழையும் ஓடுகிறது. மலைக்கு ஆள் வந்தது போடிநாயக்கனூர் வழியாக. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளில் மழை பொய்த்த காலங்களில், கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஏறினார்கள். ஒப்பந்தத்தை மீறிப் போனால் குற்றம் என்று சொன்ன சட்டங்கள் அன்று இருந்தன. முன்பணக் கடன் தீராமல் இறங்கவும் முடியாது. தேயிலைப் பெட்டிகளும் ஏறக்குறைய இதே வழியில்தான் இறங்கின. 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அது சிறிய ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பி வழி, பிறகு போடிக்கு மாட்டு வண்டி. 1924-ல் வந்த பெருவெள்ளம் அந்த ரயிலைத் துடைத்துக்கொண்டு போயிற்று. நம் ஜனங்கள் மட்டும் அங்கேயே நின்றார்கள். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. இடம் பெயராமலே வெளிமாநிலத் தமிழர்களாகிவிட்டவர்கள் அவர்கள்.

தோட்டங்களின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். நல்லதண்ணி, பெரியவரை, வாகுவரை, சொக்கநாடு, தென்மலை, குண்டுமலை, எல்லப்பட்டி, அருவிக்காடு. வரை என்றால் மலை. நமது பேச்சில் வழக்கொழிந்து போன அந்தப் பழைய சொல், அங்கே தேயிலைப் பெட்டியின் மேல் அச்சாகி உலகமெல்லாம் சுற்றியிருக்கிறது.

இனி பங்களாவுக்கு வருவோம். தோட்டத்துப் பங்களா எப்போதும் மேட்டில் இருக்கும். பாக்டரியும் கொழுந்துக் காடும் அங்கிருந்து கண்ணில் படும். சுற்றிலும் நீண்ட தாழ்வாரம், கருங்கல் அடித்தளம், காட்டு மரத்தில் தூணும் உத்தரமும், மேலே தகரக் கூரை, அறைக்கு அறை கணப்பு அடுப்பு. சமையல் கட்டு தனியாகப் பின்னால் இருக்கும். முன்னால் புல்வெளியும் பூந்தோட்டமும். பட்லர், சமையல்காரர், தோட்டக்காரர், தண்ணீர் சுமக்க ஒருவர், குதிரையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்று ஒரு துரைக்கு ஒரு படையே வேலை செய்தது.

இத்தகைய வீட்டைக் காப்பாற்றுவது எளிதல்ல. மாதக்கணக்கில் மழை பெய்யும் ஊர். மரம் உளுக்கும், தகரம் துருப்பிடிக்கும், கரையான் ஏறும். பழைய சுவர்கள் பலவும் சுண்ணாம்புக் காரை பூசியவை. அந்தக் காரை ஈரத்தை உள்ளே வாங்கி மறுபடி வெளியே விட்டுவிடும். விவரம் தெரியாமல் அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நாலு மழைக்காலத்தில் சுவர் உப்பி உதிர ஆரம்பிக்கிறது. உத்தரத்தின் ஒரு முனை உளுத்துப்போனால் அந்த முனையை மட்டும் வெட்டிப் புது மரம் சேர்ப்பதுதான் முறை. உத்தரத்தையே தூக்கி எறிந்துவிட்டு இரும்புக் குழாய் வைத்தால் வீடு நிற்கும், பழமை போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் புழங்காத வீடு அழியும். அடுப்பில் நெருப்பும் ஜன்னலில் காற்றும் இருக்கும்வரை மரம் பிழைத்துக் கிடக்கும். பங்களாக்களை விருந்தினர் விடுதியாக மாற்றுவதில் இந்த ஒரு நன்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆகவே பங்களாவை இடித்துத் தள்ளு என்று சொல்ல நான் வரவில்லை. அதில் நம் கொத்தனார்களின் கையும் தச்சர்களின் கையும் இருக்கின்றன. மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் சூரிய நிழலைக் கொண்டு மணி பார்க்கும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அது 1913-ல் திருநெல்வேலிச் சீமையிலே, நாசரேத் தொழிற்பள்ளியில் செய்யப்பட்டது. துரையின் நேரத்தைக் காட்டியதும் நம்மூர்க் கைவேலைதான்!

நான் கேட்பது இதுதான். மேட்டில் இருக்கும் பங்களாவைக் காப்பாற்றுகிறோம். பள்ளத்தில் இருந்த லயம் என்ன ஆயிற்று?

லயம் என்பது லைன் வீடு. நீளமாக ஒரே கூரை. அதன்கீழ் வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒட்டினாற்போல ஓர் அடுப்படியும். பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். பக்கத்து அறையில் குழந்தை இருமினால் இந்த அறையில் தூக்கம் போகும். மூன்று நான்கு தலைமுறை அதற்குள் பிறந்து, கல்யாணம் செய்து, செத்தும் போயிற்று. விடியும் முன் பிரட்டுக்குக் கிளம்பியது அந்த வாசலிலிருந்துதான். பேச்சிமுத்து, மாடத்தி, சுடலை, அந்தோணியம்மாள் என்ற பெயர்களெல்லாம் அந்தக் கூரையின் கீழ்தான் வாழ்ந்தன. பங்களா இல்லாமல் தோட்டம் நடந்திருக்கும். லயம் இல்லாமல் ஒரு நாள் நடந்திருக்காது.

அப்படியிருக்க, பங்களா மட்டும் ஏன் பாரம்பரியமாயிற்று? அழகு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், தன்னுடையது என்று சொல்ல அதற்கு எப்போதும் ஒருவர் இருந்தார் என்பதே. கணக்கில் அதற்குப் பெயர் இருந்தது, பழுது பார்க்கப் பணம் ஒதுக்கினார்கள், சுவரில் படம் மாட்டினார்கள். லயத்தில் இருந்தவனுக்கு அவன் வீடு சொந்தமில்லை. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு கொடுப்பதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. நல்ல சட்டம்தான். ஆனால் வேலை உள்ளவரைதான் வீடு. ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்தால் ஒழியக் காலி செய்ய வேண்டும். தனக்குச் சொந்தமில்லாத சுவரில் யார் தாத்தாவின் படத்தை நிலையாக மாட்டுவார்கள்? எதைப் பாதுகாப்பார்கள்?

மூணாறு ஊருக்குள் மேட்டில் ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. அதன் பின்னால் உள்ள கல்லறைத் தோட்டம் தேவாலயத்தைவிடப் பழையது. 1894-ல் காலராவில் இறந்த ஓர் இளம் ஆங்கிலேயப் பெண்ணின் கல்லறையைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதையோடு காட்டுகிறார்கள். அந்தப் பெண்ணுக்காக நாமும் வருந்துவோம். ஆனால் அதே காலராவும் மலைக்காய்ச்சலும் லயங்களில் எத்தனை பேரைக் கொண்டுபோயின? அவர்களுக்குக் கல் இல்லை. தேயிலைச் செடிதான் அடையாளம்.

இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் ஆயிரக்கணக்கான பெண்கள் வந்து உட்கார்ந்தார்களே, நினைவிருக்கிறதா? பெம்பிளை ஒருமை என்று பெயர். அன்று அவர்களது தினக்கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, போனசுக்காகத் தாங்களே போராடி வென்றார்கள். அவர்கள் அன்று எழுப்பிய குரலில் கூலியோடு வீட்டுப் பிரச்சினையும் சேர்ந்தே இருந்தது. ஐந்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, இராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்தது. நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் போனார்கள். அதில் 4 பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போனதால் வெளி உலகத்துக்குச் செய்தி மறுநாள் காலையில்தான் தெரிந்தது. இறந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. தலைமுறைகள் கடந்தும் அந்த உறவு விட்டுப்போகவில்லை. பங்களா ஏன் மேட்டில் இருக்கிறது, லயம் ஏன் சரிவில் இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த ஓர் இரவு போதும்.

"லயத்தையா பாதுகாக்கச் சொல்கிறீர்கள்? அது எங்கள் அவமானம். எங்கள் பிள்ளைகள் அதைப் பார்க்கவே வேண்டாம்" என்று தோட்டத்துப் பெரியவர்களே சொல்லக்கூடும். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். இருக்கிறவர்களுக்கு நல்ல வீடு கிடைக்கும் முன்னால் பழைய வீட்டுக்குப் பெருமை பேசுவது பாவம். பாரம்பரியம் என்ற பெயரில் ஒரு குடும்பத்தைக்கூட ஓரறை வீட்டில் நிறுத்தி வைக்கக் கூடாது. முதலில் சரிவில்லாத இடத்தில் சொந்த வீடு, பிறகுதான் நினைவுச் சின்னம். இந்த வரிசை மாறக் கூடாது. ஆனால் அவமானம் யாருடையது என்பதையும் யோசிக்க வேண்டும். அந்த வீட்டில் இருந்து உழைத்தவர்களுடையதா, இருக்க வைத்தவர்களுடையதா? சுவடே இல்லாமல் லயங்களை இடித்துவிட்டு, பங்களாவை மட்டும் வெள்ளையடித்து நிறுத்தினால், நாளைக்கு வரும் பிள்ளைக்கு அந்த மலையில் துரையைத் தவிர வேறு யாரும் இருந்ததாகவே தெரியாது. இருக்க வைத்தவர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்காவிலும் பெரிய தோட்ட மாளிகைகள் உண்டு. அங்கே உழைத்தவர்கள் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள். நம் கூலிமுறை வேறு, அது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியில்லை. ஆனால் வீட்டைப் பாதுகாப்பதில் அவர்கள் கற்ற பாடம் நமக்கும் உதவும். தென் கரோலினாவில் டிரேட்டன் ஹால் என்ற மாளிகை பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. ஏழு தலைமுறை ஒரே குடும்பத்தின் கையில் இருந்து, 1974-ல் தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. அவர்கள் அதற்குப் புதுமெருகு கொடுக்கவில்லை. மின்சாரம், தண்ணீர்க் குழாய் எதுவும் வைக்காமல், இருக்கிறபடியே நிறுத்திக் காக்கிறார்கள். அடிமைகளைப் புதைத்த இடுகாட்டையும் அந்த இடத்தின் ஒரு பகுதியாகவே பேணுகிறார்கள். ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். 1993 முதல், அந்த அடிமைகளின் வாரிசுகளைத் தேடிப் போய், அவரவர் குடும்பத்தில் வழிவழியாக வந்த கதைகளைப் பதிவு செய்தார்கள். 2015-ல் மாளிகைக்குப் பக்கத்து வீதியில் ஓர் அடிமைக் குடிசையையும் ஆதாரங்களைக் கொண்டு திரும்பக் கட்டினார்கள். இப்போது மாளிகை பார்க்க வருகிறவர்கள் குடிசையையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மாளிகையின் மதிப்பு குறைந்துவிடவில்லை. அதன் கதை முழுமை பெற்றிருக்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இலங்கையில் கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்தில், மலையகத் தமிழருக்காக உழைக்கும் ஒரு நிறுவனம் பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றி நடத்துகிறது. அவர்கள் உபயோகித்த பாத்திரம், கருவி, பத்திரம் எல்லாம் அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம்மைவிட வசதி குறைந்தவர்கள் செய்துகாட்டிய காரியம் அது.

இங்கே அவசரமும் இருக்கிறது. மாஞ்சோலையைப் பாருங்கள். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து எட்டாயிரத்துக்கும் அதிகமான ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து உண்டான தோட்டம். 2028-ல் குத்தகை முடிய வேண்டும். அதற்கு முன்பே, 2024-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை முடித்துவிட்டார்கள். அது புலிகள் காப்பகத்துக் காடு. காடு காடாகத் திரும்புவதைக் குறை சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் நான்கு தலைமுறை வாழ்ந்த லயங்களை, கோயில்களை, பள்ளிக்கூடத்தை, கல்லறைகளை ஒரு தடவை முறையாக அளந்து, படம் எடுத்து, யார் யார் எங்கே இருந்தார்கள் என்று எழுதியாவது வைக்க வேண்டாமா? காடு மூடிய பிறகு யாரிடம் கேட்பது?

ஆகவே என் யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு மலைப் பகுதியிலும், குடும்பங்கள் நல்ல வீட்டுக்குப் போன பிறகு காலியாகும் லயங்களில் ஒன்றையாவது, அடுப்புக்கரி படிந்த சுவரோடு அப்படியே காப்பாற்ற வேண்டும். விடுதியாக நடக்கும் பங்களாக்கள் தங்கள் வரலாற்றுப் பலகையில் துரைமாரின் பெயர்களோடு பட்லர், சமையல்காரர், கங்காணி, தொழிலாளர் பெயர்களையும் எழுத வேண்டும். பழைய பேரேடுகளிலும் சம்பளப் புத்தகங்களிலும் அந்தப் பெயர்கள் கிடைக்கும். அந்த ஏடுகளைப் படி எடுத்து ஆய்வாளர்கள் கைக்குக் கிடைக்கும்படி செய்தால் கம்பெனிகளுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அறை வாடகையில் ஒரு சிறு பங்கு இதற்கு ஒதுங்கினால் இன்னும் நல்லது.

நம் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. நம் உறுப்பினர்களிலேயே தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் இருந்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள். சிலர் அதை வெளியே சொல்வதில்லை. சொல்லக் கூச்சப்பட ஒன்றும் இல்லை என்று நாம்தான் அவர்களுக்கு உணர்த்த வேண்டும். பொங்கல் விழாவில் பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணியை, தோட்டத்துப் பெரியவர் ஒருவரைப் பேசவைத்துப் பதிவு செய்ய ஒதுக்கலாம். பெட்டியில் கிடக்கும் பழைய வேலைச் சீட்டு, குழுப்படம், கடிதம் எதுவானாலும் பத்திரமாகப் படி எடுத்து வைக்கலாம். பழந்தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் காத்துவரும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களோடு கலந்து பேசலாம். பெரிய செலவில்லை. காலம்தான் செலவாகிக்கொண்டிருக்கிறது.

அடுத்த விடுமுறைக்கு மலைக்குப் போகிற அன்பர்கள் தாராளமாகப் பங்களாவில் தங்குங்கள். காலையில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தேநீர் குடியுங்கள். குடித்து முடித்ததும் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, லயம் இருக்கும் பக்கம் நடந்து போய், அங்கிருப்பவர்களிடம் வணக்கம் சொல்லி ஊர் எது என்று விசாரியுங்கள். சங்கரன்கோவில் என்றோ, இராஜபாளையம் என்றோ, கயத்தாறு என்றோ பதில் வரும். உங்கள் ஊராகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.